பால் சங்கத்திலிருந்து மதுவிலக்குத் துறைக்கு ஒரு மடல்

மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அதிகாரிகளுக்கும் உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பார்களில் திருட்டுத்தனமாக விற்கும் மதுவில் தண்ணீர் கலப்பதைப் பற்றி எழுதுகிறேன். நான் குடிப்பவன் இல்லை. எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருடம் டெஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். விடிகாலை ஐந்தரை மணிக்குச் சங்கத்துக் கதவைத் திறந்தால் ஏழு மணி வரை என் கையில் பால்மானி இருக்கும். வரிசையில் நிற்பவர்கள் ஒவ்வொருவரும் தூக்குவாளியை நீட்டுவார்கள். பாலைக் குவளையில் ஊற்றி மானியை மிதக்கவிடுவேன். 28 காட்ட வேண்டிய பசும்பால் 22 காட்டினால் அதில் தண்ணீர் இருக்கிறது. அதற்கு மேல் பேச்சே கிடையாது, பால் திரும்பிப் போகும். ஒரே ஒரு மாட்டை வைத்துப் பிழைக்கும் ஒரு அம்மா கொண்டுவந்த ஒன்றரை லிட்டரையும் ஒருநாள் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "வாளிய அலசுன தண்ணி கொஞ்சம் தங்கிருச்சு தம்பி" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் விதி விதிதான். அந்தப் பால் எங்கோ ஒரு குழந்தையின் டம்ளருக்குப் போகப் போகிறது.

இந்த மடலை எழுத வைத்தவர் என் பக்கத்துத் தெருக்காரர். பெயர் வேண்டாம். லோடுமேன். அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் ராத்திரி முழுக்க லாரிக்கு மூட்டை ஏற்றுவார். விடியும்போது வேலை முடியும், உடம்பு அக்கக்காய்க் கழன்று கிடக்கும். மதுக்கடை திறப்பது மதியம் பன்னிரண்டு மணிக்கு. அதுவரை அவர் காத்திருப்பதில்லை. காலை ஆறரைக்கே ஒரு பாரின் பின்பக்கம் போய், கடை விலைக்கு மேல் அறுபது ரூபாய் சேர்த்துக் கொடுத்து ஒரு குவார்ட்டர் வாங்கிக்கொள்வார். 'பிளாக்கில் வாங்குவது' என்று ஊரில் எல்லோரும் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் விஷயம்தான் இது.

அவர் மனைவி ஒருநாள் என் வீட்டுக்காரியிடம் சொல்லி அழுதார். "முன்னெல்லாம் ஒண்ணு குடிச்சிட்டு வந்து படுத்துருவாருக்கா. இப்ப ஏற மாட்டேங்குதுன்னு ரெண்டு வாங்குறாரு. கூலி பூரா அங்கயே போயிருது." உள்ளே கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்றது. 'ஏற மாட்டேங்குது' என்பதன் அர்த்தம் முப்பத்தோரு வருடம் பால்மானி பிடித்தவனுக்குப் புரியாதா?

அடுத்த வாரம் அவரே வந்தார். ஒரு வாய் மட்டும் குடித்திருந்த பாட்டிலை மடியிலிருந்து எடுத்து வைத்தார். "அண்ணே, இது சரக்கே இல்லண்ணே. மோர்த்தண்ணி மாதிரி இறங்குது. நீங்கதான் பால்ல தண்ணி இருந்தா கண்டுபிடிச்சிருவீங்களே, இதைப் பாருங்க" என்றார். பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடி திருகினால் கீழ் வளையம் உடைந்து பாட்டிலின் கழுத்திலேயே தங்க வேண்டும். இதிலோ வளையம் மூடியோடு சேர்ந்து சுற்றியது. உங்கள் ஹாலோகிராம் ஸ்டிக்கர் மூடியை ஒட்டி நேர்கோட்டில் கீறப்பட்டு, அந்தக் கீறலின் மேல் பசை தடவி அமுக்கப்பட்டிருந்தது. நகத்தால் வருடினால் அந்த இடம் மேடாகத் தட்டுப்பட்டது. வயசான கண்ணுக்கே இது தெரிகிறது. ஆனால் ஆறரை மணிக்கு, ராத்திரி முழுக்கக் கண் விழித்து உடம்பு வலியோடு நிற்பவர் எங்கே பார்க்கப் போகிறார்?

பால்மானி இதற்கு உதவாது. சாராயம் தண்ணீரைவிட லேசானது, மானி அடியோடு மூழ்கிவிடும். அதனால் தெரிந்த கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் சாராயமானி ஒன்றை இரவல் வாங்கினேன். பால்மானிக்கு அண்ணன் தம்பி மாதிரி, அதே மிதக்கும் கண்ணாடிக் குழாய்தான், ஆனால் சாராயத்தின் சதவீதம் குறித்தது. சூட்டில் அளவு கூடுதலாகக் காட்டிவிடும் என்று அவர் எச்சரித்திருந்ததால், ஒரு வாளியில் ஐஸ் உடைத்துப் போட்டு, கண்ணாடிக் குடுவையை அதில் நிறுத்தி, வெப்பமானி 20 டிகிரிக்கு வரும்வரை காத்திருந்து மானியை விட்டேன். 31 காட்டியது. அன்று மதியம் கடையில் அதே பிராண்டை, சீல் உடையாத பாட்டிலாக, அவரை வாங்கி வரச் சொல்லி அதையும் இதே மாதிரி பார்த்தேன். 42க்கும் 43க்கும் நடுவில் நின்றது. இரண்டு பாட்டில் லேபிளிலும் அச்சிட்டிருப்பது 42.8.

42.8 என்பது ஏன் அப்படி ஒரு உடைந்த எண் என்று எனக்கும் தோன்றியது. பழைய ஆங்கிலேயர் கணக்காம். வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துப் பற்ற வைத்தால் தீப்பிடிக்கும் அளவுக்கு வலு இருந்ததை 'ப்ரூஃப்' என்றார்களாம். பின்னாளில் மானி வைத்து அதை 57.1 சதவீதம் என்று நிர்ணயித்தார்கள். அதை நூறாக வைத்து இருபத்தைந்து பங்கு குறைத்தால் 42.8. அரசுக்கு வரி சேர வேண்டும் என்பதற்காக வெள்ளைக்காரன் அன்று ஒவ்வொரு பீப்பாயிலும் மானியை விட்டுப் பார்த்தான். அந்த அக்கறை ஆலையின் வாசலோடு நின்றுவிட்டது. குடிப்பவன் கைக்கு வரும் இடத்தில் மானியும் இல்லை, மானி பிடிப்பவரும் இல்லை.

இனி என் கணக்கைப் பாருங்கள். லேபிள்படி 42.8 இருக்க வேண்டிய பாட்டில் 31 என்றால், 180 மில்லியில் ஏறக்குறைய 130 மில்லிதான் சரக்கு, மீதி 50 மில்லி தண்ணீர். இவ்வளவு துணிச்சல்கூட வேண்டியதில்லை. ஒரு குவார்ட்டரிலிருந்து 30 மில்லி மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றினால் வலு 35.7க்கு இறங்கும். ஊறுகாயும் சோடாவும் சேரும்போது யாருக்கும் தெரியாது. இப்படி ஆறு பாட்டிலில் எடுத்தால் ஏழாவதாக ஒரு முழு குவார்ட்டர் சும்மா கிடைக்கிறது. அதற்கு வேண்டியது காலி பாட்டிலும் மூடியும்தான். பாரில் அதற்குப் பஞ்சமா? டாஸ்மாக் கடையை ஒட்டிய பாரை டெண்டர் எடுப்பவருக்கு இருக்கும் உரிமையே தின்பண்டம் விற்பதும் காலி பாட்டில் சேகரிப்பதும்தானே. மது விற்க அவருக்கு உரிமையே இல்லை. மதியம் பன்னிரண்டுக்கு முன், இரவு பத்துக்குப் பின், காந்தி ஜெயந்தி, மே தினம், வள்ளலார் நினைவு நாள் என்று கடை மூடும் நாட்களில் ஒரு பாரில் கைமாறும் ஒவ்வொரு பாட்டிலும் கடையின் கல்லாவைத் தாண்டி, யாரோ ஒருவரின் கை வழியாக வருவது. அந்தக் கை அதற்குள் என்ன செய்தது என்பதைப் பார்க்க யாரும் இல்லை.

சரி, தண்ணீர்தானே, குடிகாரன் கொஞ்சம் குறைவாகக் குடித்துவிட்டுப் போகட்டுமே என்று என் நண்பர்களே சொன்னார்கள். உங்கள் அலுவலகத்திலும் யாராவது சொல்லக்கூடும். அவர்களுக்கு அந்தப் பெண் சொன்னதைத்தான் சொன்னேன். போதை குறைந்தால் அவர் குறைத்துக்கொள்வதில்லை, இன்னொன்று வாங்குகிறார். போதை அவர் பழகிய அளவுக்கு வந்துவிடுகிறது. செலவு மட்டும் இரட்டிப்பாகிறது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. இதைப் பாலில் கற்றுக்கொண்டேன். முதலில் தண்ணீர் மட்டும்தான் ஊற்றுவார்கள். மானி காட்டிக்கொடுக்கிறது என்று தெரிந்ததும் அளவைத் தூக்கிக் காட்ட உப்பு, சர்க்கரை, யூரியா என்று போக ஆரம்பிப்பார்கள். தண்ணீர் யாரையும் கொல்வதில்லை. தண்ணீரை மறைக்கப் போடும் பொருள்தான் கொல்கிறது. தெலங்கானாவில் கள்ளுக்கு நடந்தது அப்படியே இதுதான். மரத்திலிருந்து இறக்கும் கள் போதாமல் நீர்க்க வைத்தார்கள். போதை வரவில்லை என்று வாடிக்கையாளர் முகம் சுளித்ததும் அல்பிரசோலம், டயஸிபாம், குளோரல் ஹைட்ரேட் என்று தூக்க மருந்துகளைக் கலக்க ஆரம்பித்தார்கள். அங்கே கள்ளுக்கடைகள் மூடப்படும்போதெல்லாம் அந்த மருந்துக்கே அடிமையாகிப்போனவர்கள் கை கால் நடுங்கி ஆஸ்பத்திரிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. 2025 ஜூலையில் ஹைதராபாத் குகட்பல்லிப் பகுதியில் கலப்படக் கள் குடித்துப் பலர் இறந்தார்கள். எங்கள் ஊர் பாரில் யாராவது இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூடியைத் திறந்து மூடும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால், உள்ளே தண்ணீர்தான் போகும் என்று யார் உத்தரவாதம் தருவது?

2023 மே மாதம் தஞ்சாவூரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடை திறக்கும் முன்பே பாரில் விற்ற மதுவைக் குடித்த இரண்டு பேர் இறந்தார்கள். அவர்கள் குடித்ததில் சயனைடு இருந்ததாக மாவட்ட நிர்வாகமே அறிவித்தது. அது எப்படி உள்ளே வந்தது என்பது காவல்துறையின் விசாரணை. எனக்கு உறைத்தது ஒன்றே ஒன்றுதான். நேரங்கெட்ட நேரத்தில், கடைக்கு வெளியே கைமாறிய மது அது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை. பேரனின் உதவியோடு படித்துப் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. உடனே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினீர்கள். சாவுக்குக் காரணமான கள்ளச்சாராயத்துக்கு ஆயுள் தண்டனையும் குறைந்தது பத்து லட்சம் ரூபாய் அபராதமும் வந்தது. நல்லது, வேண்டியதுதான். ஆனால் அது பிணம் விழுந்த பிறகு வேலை செய்யும் சட்டம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 274ஆம் பிரிவு உணவிலும் பானத்திலும் கலப்படம் செய்வதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் கலந்ததால் அந்தப் பொருள் உடம்புக்குக் கேடானதாக ஆகியிருக்க வேண்டும் என்கிறது. பச்சைத் தண்ணீர் கலந்தால் கேடு என்று எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது? ஏமாற்று வழக்கு போடலாம். அதற்கு ஏமாந்தவர் முன்வந்து புகார் எழுதித் தர வேண்டும். திருட்டுத்தனமாக விற்ற பாட்டிலைத் திருட்டுத்தனமாக வாங்கியவர் எந்தத் தைரியத்தில் காவல் நிலையப் படியேறுவார்? "அந்த நேரத்துல நீ எதுக்குய்யா வாங்கப் போன?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

மிச்சமிருப்பது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதில் 'உணவு' என்ற சொல்லுக்குள் மதுவும் அடக்கம் என்பதைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. தரம் குறைந்த உணவை விற்றால் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விஷமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரண வாடிக்கையாளரே கட்டணம் கட்டி, தான் வாங்கிய பொருளை அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம் என்று 40ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதன் அடியிலேயே ஒரு நிபந்தனை. வாங்கும்போதே விற்பவரிடம் 'இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்' என்று தெரிவிக்க வேண்டுமாம். மளிகைக் கடையில் மிளகாய்த்தூள் வாங்கும்போது இதைச் சொல்லலாம். காலை ஆறரை மணிக்கு, பாரின் பின்கதவில், இடுப்பில் துண்டு கட்டிய லோடுமேன் சொல்ல முடியுமா? சொன்னால் அவர் கைக்கு வருவது கலக்காத பாட்டிலாகத்தான் இருக்கும். அடியும் விழலாம்.

ஆகவே வாடிக்கையாளர் வந்து புகார் செய்யட்டும் என்று நீங்கள் காத்திருந்தால், ஒருநாளும் ஒரு புகாரும் வராது. போக வேண்டியது நீங்கள்தான்.

வெளிநாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடியபோது அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2013இல் செய்தது கிடைத்தது. பிரபல பிராண்டு என்று சொல்லி மட்டமான சரக்கை ஊற்றுகிறார்கள் என்ற சந்தேகத்தில், அதிகாரிகள் சாதாரண வாடிக்கையாளர் மாதிரி போய் உட்கார்ந்து, சோடாவோ ஐஸோ சேர்க்காமல் மது கேட்டு வாங்கி, அதிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். அதன் பிறகு ஒரே நாளில் 29 பார்களிலும் உணவகங்களிலும் சோதனை. ஓரிடத்தில் காயத்துக்குத் தடவும் ஆல்கஹாலில் நிறத்துக்குக் கேரமல் கலந்து ஸ்காட்ச் விஸ்கி என்று விற்றிருந்தார்களாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது அந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு எளிமையான ஏற்பாடு. பாரில் இருக்கும் மது பாட்டிலில் எதையும் சேர்க்கக் கூடாது, காலி பாட்டிலை மறுபடி நிரப்பக் கூடாது. தண்ணீரே ஆனாலும் குற்றம் குற்றம்தான். யாருக்கு என்ன கேடு வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மூடி திறந்து மறுபடி நிரப்பப்பட்டிருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். பக்கத்தில் கேரளத்தின் மதுச் சட்டமான அப்காரிச் சட்டத்திலும் உரிமம் பெற்ற விற்பனையாளர் மதுவை நீர்க்கச் செய்யும் பொருளைக் கலப்பதைத் தனிக் குற்றமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இதைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன். பார் உரிம விதிகளில் இரண்டு வரி தெளிவாக எழுதுங்கள். பாரின் எல்லைக்குள் மறுபடி நிரப்பிய பாட்டிலோ, ஹாலோகிராம் கீறி ஒட்டிய பாட்டிலோ ஒன்று கிடைத்தாலும் அந்த உரிமம் அன்றே ரத்து. உள்ளே இருப்பது விஷமா தண்ணீரா என்பதை ஆய்வகம் பிறகு சொல்லட்டும். புனல் வைத்து ஊற்றிய அந்தப் பையனை மட்டும் கைது செய்து படம் எடுத்துப் போடாதீர்கள். தினக்கூலிக்கு நிற்கும் சப்ளையர் அவன். டெண்டர் எடுத்தவர் பெயரில் வழக்கு வரட்டும்.

அப்புறம் மானி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கண்ணாடிக் குழாய் அது. ஒவ்வொரு மாவட்டப் பறக்கும் படையிலும் ஒன்றும், கூடவே ஒரு வெப்பமானியும் இருந்தால் போதும். பாட்டில் தப்பு என்று அந்த இடத்திலேயே முடிவாகத் தெரியாவிட்டாலும், எந்தப் பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். போகிற நேரம்தான் முக்கியம். மாலை ஆறு மணிக்குப் போனால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். காலை ஆறு மணிக்குப் போங்கள், கடை மூடும் நாட்களில் போங்கள்.

காலி பாட்டிலுக்கு உங்கள் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. 2022இல் நீலகிரியில், உடைந்த பாட்டில்கள் காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் கவலைப்பட்டதால், பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திரும்பக் கொடுக்கும் திட்டம் வந்தது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் போனது. யானைக்காக வந்த திட்டம் மனிதனுக்கும் உதவும். பாட்டில் கடைக்கே திரும்பினால் பாரில் நிரப்புவதற்குப் பாட்டில் குறையும். மூடியையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் இன்னும் நல்லது. நல்ல நிலையில் இருக்கும் மூடிதான் இந்தத் தொழிலின் மூலதனம்.

நட்சத்திர ஓட்டல் பார்களிலும் கிளப்புகளிலும் பெக் கணக்கில் ஊற்றுகிறார்கள். அங்கே 30, 60 மில்லி அளவைக் குவளைக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்க்கத் தொழிலாளர் துறையில் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அங்கே குடிப்பவர் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். என் கவலை கேள்வி கேட்க முடியாதவரைப் பற்றியது.

மதுக்கடைகளே வேண்டாம் என்று நீங்கள் நாளைக்கு முடிவெடுத்தால் முதல் ஆளாகக் கை தட்டுவேன். அதுவரை, 2023-24இல் மட்டும் 45,855 கோடி ரூபாய் வருவாய் தந்த வாடிக்கையாளர்கள் இவர்கள். இந்தப் பணத்தில் பெரும்பகுதி என் பக்கத்துத் தெருக்காரர் மாதிரி ஆட்கள் மூட்டை தூக்கியும் கல் உடைத்தும் சாந்து குழைத்தும் கொண்டுவந்து கொட்டியது. ஒன்றரை லிட்டர் பால் ஊற்றிய ஒரு ஏழைப் பெண்ணிடம் விதியைப் பேசிப் பாலைத் திருப்பி அனுப்பச் சொன்னது இதே அரசாங்கம்தான். நானும் அனுப்பினேன். அந்தக் கண்டிப்பில் கொஞ்சத்தை பாரின் பின்கதவிலும் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அளந்து முடித்த சரக்கை அதே பாட்டிலில் ஊற்றி, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி விட்டு, தேதியும் அளவும் எழுதி ஒட்டி, எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் வைத்திருக்கிறேன். என் சோதனை சட்டப்படி செல்லாது என்று தெரியும். அதனால் உங்கள் ஆள் ஒருவரை அனுப்புங்கள். சீருடை வேண்டாம், லுங்கியும் துண்டும் போதும். காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு காபி குடித்துவிட்டு ஆறரைக்கு நடந்தே போய்விடலாம். லோடுமேனும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார், வாங்கியதற்காக அவர் மேல் வழக்குப் போட மாட்டோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பால் டெஸ்டர் ஒருவன்,
காவிரிப் படுகையில் ஒரு கிராமம்